வாணம் எதைத் தள்ளுது?

பரிதாபி, ஐப்பசி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. கோமதியின் துணியெல்லாம் அடுப்படிக் கொடியில். எடுத்து உடுத்திவிட்டால் பிள்ளை மேலே புகை வாடை.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாரம் வகுப்பு. பதினொரு பேரில் இன்று ஒன்பது. பாடம்: இயக்கமும் பலமும். நகர வேண்டுமானால் எதையாவது தள்ள வேண்டும், அது திருப்பித் தள்ளும் என்று சொல்லி, ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னேன். மாடு தரையைத் தள்ளுது. துடுப்பு தண்ணியைத் தள்ளுது. தவளை படித்துறைக் கல்லைத் தள்ளுது (இதற்கு நல்ல சிரிப்பு). கடைசியில் சண்முகவடிவு எழுந்தாள். கடைக்கார அண்ணாச்சி மகள். கடையில் தீபாவளிச் சரக்கு இறங்கியிருக்கிறதாம்.

"ஆகாசவாணம் எதைத் தள்ளுது, டீச்சரம்மா?"

"காற்றை. புகை காற்றைத் தள்ளும், காற்று வாணத்தைத் தள்ளும்."

"மேல போகப் போகக் காத்து கொறையும்னு ஆவணியில சொன்னியளே. காத்தே இல்லாத எடத்துல வாணம் விட்டா?"

"போகாது."

"ஒரு அடி கூடவா?"

மணி அடிக்க இரண்டு நிமிஷம். பலகையில் எழுதிப் போட்டேன்: 'காற்று இல்லாத இடத்தில் வாணம் எழும்பாது.' ஒன்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். சண்முகவடிவு மட்டும் எழுதிவிட்டும் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

வீட்டுக்கு வந்தால் மதினி முகம் சரியில்லை. "இன்னைக்கும் பின்னாலதான் போச்சு ஒன் மக."

ஒன்பது மாசம் ஆகிறது. தவழ்கிறாள், ஆனால் பின்பக்கமாக. முன்னால் சிவப்புச் சொப்பு கிடக்கும், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பாள், கையை ஊன்றுவாள், பின்னுக்குப் போவாள். சொப்பு தூரத் தூரப் போகும். அழுகை.

"தாய் வீட்டைவிட்டு வெளியே வெளியே ஓடுதா, பிள்ளை பின்னால பின்னால போகுது." திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாகளாம். என்னிடம் கேட்கவில்லை.

மதினி எங்க வீட்டுக்காரவுகளுக்கு அக்கா. பிள்ளையை அவுக வைத்துக்கொள்ளாவிட்டால் நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாது. அது அவுகளுக்கும் தெரியும்.

ஐப்பசி 6, செவ்வாய்

வாங்க: சீயக்காய், ஓமம், ஊசி (பெரியது).

தூக்கம் சரியில்லை. 'ஒரு அடி கூடவா' காதிலேயே நிற்கிறது. போகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மணி அடிக்கப் போகிறது என்பதுதான் தெரியும்.

பெட்டியைக் கவிழ்த்துப் பட்டணத்துக் காலேஜ் நோட்டை எடுத்தேன். ராமபாணப் பூச்சி பாதியைத் தின்றுவிட்டது. மூன்றாம் விதி இருக்கிறது. வாணம் இல்லை. துப்பாக்கி இருக்கிறது: சுட்டால் தோளில் உதைக்கும். அது காற்று உதைப்பதா? ஓரத்தில் என் கையெழுத்தில், 'மத்தியானம் ரசம் நன்றாயில்லை.' இதற்காகவா அப்பா என்னை அவ்வளவு தூரம் அனுப்பினார்கள்!

15-ம் தேதி இன்ஸ்பெக்ஷன். நோட்டுகளை இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற வெள்ளைக்காரத் துரைசானி பார்ப்பாகளாம். போன மாசம் வேலைக்குத் திரும்பச் சேரன்மகாதேவிக்கு ரயில் ஏறும்போது இவுக சொன்னது: "இந்த இன்ஸ்பெக்ஷன்ல வேலை நிரந்தரம் ஆகட்டும். ஆகலைன்னா வேலையை விட்டு நின்னுக்கிடு. அக்காவும் எத்தனை நாளைக்குப் பிள்ளையைப் பாப்பாக?" கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி 7, புதன்

மழை விட்டு வெயில். ஆற்றில் செந்தண்ணீர் என்று பால்காரர் சொன்னார்.

காலையில் கோமதி பக்கத்தில் நானும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். (மதினி குளிக்கப் போயிருந்தாக.) காலில் இன்னும் வலு வரவில்லை. கையில்தான் வலு. இரண்டு உள்ளங்கையாலும் தரையை முன்னுக்குத் தள்ளுகிறாள். தரை அவளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அவ்வளவுதான். இதில் நேர்த்திக்கடனுக்கு என்ன இருக்கிறது? சொப்பு வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்படுகிறாளோ அவ்வளவு பலமாகத் தள்ளுகிறாள், அவ்வளவு தூரம் போய்விடுகிறாள். பார்க்கச் சிரிப்பு வந்தது.

அவளுக்குத் தரை இருக்கிறது. வாணத்துக்கு?

இடைவேளையில் சண்முகவடிவு வந்து நின்றாள். "எங்க அப்பாட்ட கேட்டேன். மருந்தைக் காத்தே நுழையாம இடிச்சு இறுக்கி, களிமண் வச்சு அடைச்சாத்தான் வாணம் நல்லா ஏறுமாம். லேசா அடைச்சா புஸ்ஸுன்னு போயிருமாம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

காற்றுதான் தள்ளுகிறது என்றால் இறுக்கினால் என்ன, தளர விட்டால் என்ன.

ஐப்பசி 8, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து ஊஞ்சலை நிறுத்தி, கால் தரையில் படாமல் உட்கார்ந்தேன். மடியில் மட்டை உரிக்காத தேங்காய். எதிரே அரிசி மூட்டை. மூட்டையைப் பார்த்து எறிந்தேன். ஊஞ்சல் பின்னுக்குப் போயிற்று, நாலு விரற்கடை இருக்கும். அதன் பிறகு தலையணை, இலவம்பஞ்சு, பெரியது. அதே வேகத்தில் எறிந்தேன். ஒரு விரற்கடைகூட இல்லை.

மறுபடி தேங்காய். மறுபடி தலையணை.

காற்று திருப்பித் தள்ளுகிறது என்றால் தலையணைக்குத்தானே அதிகம் இருக்க வேண்டும்? காற்றை அதிகம் முட்டுவது அதுதான். தேங்காய் சின்னது, ஆனால் கனம். அப்படியானால் காற்றில்லை. எறிகிற பொருள்தான். எறிவதைத் தள்ளினாலே போதும். வாணம் தன் வயிற்றிலிருக்கிற புகையைத்தான் தள்ளுகிறது, அது போதும் அதற்கு. காற்று இல்லாத இடத்திலும் போகும். ஒரு அடியென்ன!

ஐந்தாம் தேங்காய்க்கு மதினி வாசலில்.

"ஏளா! பித்தா பிடிச்சிருக்கு? பூசைக்கு வச்சத எதுக்குப் போட்டு எறியுத?"

"சோதனை, மதினி."

"பிள்ளை பின்னால போகுது, தாய் தேங்கா எறியுதா. நல்லா இருக்கு வீடு. இன்னும் குழவியைத்தான் எறியல."

குழவி நல்ல யோசனைதான். சொல்லவில்லை.

சந்தோஷம் விளக்கேற்றும் வரைதான் இருந்தது. பிறகு அந்த ஒன்பது நோட்டும் ஞாபகத்துக்கு வந்தது. (பதினொன்று. வராத இரண்டு பேரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.)

ஐப்பசி 10, சனி

இவுக வந்தாக. கோமதி முதலில் அழுதாள், பிறகு மீசையைப் பிடித்துக்கொண்டாள்.

தேங்காய் விஷயத்தை மதினி எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாக. நான் முழுவதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாக. கேட்டுவிட்டு, "நீ சொன்னது தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"இன்ஸ்பெக்ஷன் முடியட்டும். பொறவு பைய மாத்திக்கிடலாம்லா?"

 புத்திமதி சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

கோமதிக்கு லேசாகச் சளி. ஓமம் வறுத்துத் துணியில் முடிந்து முகரக் கொடுத்தேன்.

ஐப்பசி 12, திங்கள்

தலைமை ஆசிரியை அம்மாளிடம் போனேன். நின்றபடியே கேட்டார்கள். "புஸ்தகத்தில் அப்படி இருக்கிறதா?" "புஸ்தகத்தில் வாணமே இல்லை, அம்மா." "பிறகு ஏன் அதைத் தொட்டீர்கள்? நோட்டுகள் சுத்தமாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை வரை அடித்தல் திருத்தல் வேண்டாம்."

சரி என்று சொல்லி வந்தேன். வகுப்புக்குப் போகிற வரையில் சரியாகத்தான் இருந்தேன்.

பதினொரு முகம். தாமிரபரணித் தண்ணீரில் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ள மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.

வெளியே அழைத்துப்போனேன். வேப்பமரத்தில் கயிற்றில் பலகை கட்டியாயிற்று. சண்முகவடிவுதான் முதலில் உட்கார்ந்தாள். செங்கல்லை எறிந்தாள், பலகை ஒரு சாண் பின்னுக்குப் போயிற்று. மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பிறகு பஞ்சு மூட்டை. இரண்டு விரல். "சும்மா கையை மட்டும் வீசுனா?" என்று ஒருத்தி. வீசினாள். லேசாக ஆடி நின்ற இடத்துக்கே வந்துவிட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை, ஊஞ்சலில் உட்கார்ந்து நானும் கையை வீசிப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்போ காத்து இல்லாத எடத்துல?" என்று நான் கேட்டேன்.

 எல்லோரும் சேர்ந்து, "போகும்!" அடுத்த வகுப்பு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நான் தப்பாகச் சொன்னேன். அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்."

அடித்தார்கள். சிலர் ஒரு கோடு. சிலர் தாள் கிழிகிற அளவுக்கு. டீச்சரம்மா சொன்னதை அடிப்பதில் அவர்களுக்கு இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். ஏன் செய்தேன்.

ஐப்பசி 14, புதன்

மழை. மழை. கோமதிக்குச் சளி இறங்கவில்லை. மதினி மடியிலேயே கிடக்கிறாள். நான் தூக்கினால் அழுகிறாள்.

நாளைக்கு நீலப் பட்டுக்கரைப் புடவை. ரவிக்கையில் ஒரு கொக்கி இல்லை.

ஐப்பசி 15, வியாழன்

முடிந்தது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

துரைசானி பதினொரு மணிக்கு வந்தாக. குடை, கறுப்புப் பூட்ஸ், கொஞ்சம் தமிழ். தையல் பார்த்தாக: திருப்தி. பாட்டு: திருப்தி. பிறகு எங்கள் வகுப்பு. ஒரு நோட்டை எடுத்தாக. இன்னொன்று. இன்னொன்று. எல்லா நோட்டிலும் ஒரே வரி அடித்திருக்கிறது.

"இது என்ன?"

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சண்முகவடிவு எழுந்துவிட்டாள். "டீச்சரம்மா தப்பாச் சொல்லிட்டாக. பொறவு நாங்க பலகையில உக்காந்து பாத்தோம்."

அந்த வரியை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னாக. சொன்னேன். துரைசானி புருவத்தை உயர்த்தி, இங்கிலீஷில், ஆனால் அது சரிதானே, காற்றில்லாமல் வாணம் எதைத் தள்ளும் என்றாக.

அதே கேள்வி. பதினொரு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். ஆம் என்று தலையை அசைத்தால் போதும். ஒரு தலையசைப்பு. நிரந்தரம்.

"பார்க்கலாமா, அம்மா?" என்றேன்.

தூறலில் குடை பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாக. செங்கல். பஞ்சு. மறுபடி செங்கல். சேறு தெறித்துப் பூட்ஸில் ஒரு பொட்டு. குனிந்து அதைப் பார்த்தாக. பலகையைப் பார்த்தாக. "விசித்திரம்," என்று தமிழில் சொன்னாக. 

 கோமதிக்குச் சளி கொஞ்சம் தேவலை.

ஐப்பசி 16, வெள்ளி

குறிப்புப் புஸ்தகத்தில் எழுதியதைத் தலைமை ஆசிரியை படித்துக் காட்டினார்கள். தையல் நன்று. பிரகிருதி சாஸ்திர நோட்டுகளில் அடித்தல் உண்டு, சுத்தம் போதாது. ஆசிரியை ஊக்கமுள்ளவர், ஆனால் பாடப் புஸ்தகத்துக்கு வெளியே போகிறார். இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாகவே வைத்துப் பார்க்கலாம்.

"உங்களை எச்சரித்தேன்," என்றார்கள். பிறகு குரலைத் தணித்து, "நிஜமாகவே வாணம் காற்றைத் தாண்டி நிலா வரைக்கும் போகுமா?"

தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போது கஷ்டமாக இல்லை.

நிரந்தரம் ஆகவில்லை. நாளை இவுக வருவாக.

ஐப்பசி 17, சனி

மத்தியானம் பின்கட்டுக் கிணற்றடியிலிருந்து வரும்போது கூடத்தில் கோமதியின் சிரிப்பு. கெக்கலி. எட்டிப் பார்த்தேன். மதினி ஊஞ்சலில். கால் தரையில் படவில்லை. கையில் தேங்காய். எறிந்தாக. ஊஞ்சல் பின்னுக்குப் போக, பிள்ளை கையைத் தட்டுகிறாள். மதினி இறங்கித் தேங்காயை எடுத்துவந்து மறுபடி உட்கார்ந்தாக. நான் சத்தம் போடாமல் கிணற்றடிக்கே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் இவுக. சாப்பாடு ஆயிற்று. பிறகு நானே சொன்னேன்: ஆகவில்லை, இன்னும் ஒரு வருஷம்.

இவுக வெற்றிலையை மடித்தாக. "அப்போ பேசினபடிதானே?"

"ஏலே," என்று மதினி, கூடத்துத் தரையிலிருந்து. "பிள்ளையைப் பாக்கது நீயா நானா?"

"ஒங்களுக்காகத்தானக்கா சொல்லுதேன்."

"எனக்காகச் சொல்லுதாராம். நான் ஒன்ட்ட வந்து முடியலன்னு சொன்னனா? ஒரு வருசம்தானல. போகட்டும்."

"நேத்து வரைக்கும் பிள்ளை பின்னால போகுதுன்னு நீங்கதான..."

"போகுதுதான். இங்கன பாரு."

சிவப்புச் சொப்பை எடுத்துக் கோமதிக்குக் காட்டினாக. காட்டிவிட்டு, அவள் கண் முன்னாலேயே, அவளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாக. கோமதி தலையைத் திருப்பிப் பார்த்தாள். கையை ஊன்றினாள். தள்ளினாள். தள்ளினாள். சொப்பு அவள் காலில் முட்டிற்று.

இவுக சிரித்துவிட்டாக. பிறகு என்னைப் பார்த்து, "திங்கக்கிழமை எதை எறியப் போற?"

ஐப்பசி 19, திங்கள்

காலையில் வெயில், பத்து மணிக்கு மேல் மேகம். கோமதிக்குச் சளி இல்லை. திருச்செந்தூர் நேர்த்திக்கடன் அப்படியே இருக்கிறதாம், போய்த்தான் ஆக வேண்டுமாம், தை மாசம்.

கொண்டுபோனது: சிரட்டை 1, நூல், மெழுகு, பப்பாளித் தண்டு 2 துண்டு.

சிரட்டையின் இரண்டு பக்கமும் அடியில் ஓட்டை. தண்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சாய்த்துச் சொருகி மெழுகு வைத்து அடைத்தேன். நூலில் தொங்கவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?

சண்முகவடிவு: "சுத்துமா, டீச்சரம்மா?"

மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. செம்பை அவள் கையில் கொடுத்தேன். ஊற்று என்றேன்.