உம்முடைய வகுப்பில் நிலானி

இஞ்சாரும் மதி,

வீட்டில் உம்மைக் கூப்பிட்ட மாதிரியே தொடங்குகிறேன். பெயரை மட்டும் எழுதினால் யாரோ வேறொருத்திக்கு எழுதுவது போல இருக்கிறது. நீர் போனபிறகு இந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

நிலானியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உம்மை அடக்கம் செய்த நாளிலிருந்து எங்கள் மகள் என்னோடு வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்துவாள். நான் தமிழில் கேட்டால் முன்பு பிரெஞ்சிலாவது பதில் வரும். அதுவும் நின்றுவிட்டது. தாயை இழந்த பிள்ளையிடம் தகப்பன் எப்படிப் பேசுவது, நீரே சொல்லும்.

ரூ பெர்தொனே தெருவில், நகைக்கடைக்கு மேலே நீர் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் படிப்பித்த வாடகை அறையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடத் தீர்மானித்தேன். போன சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு லா கூர்னெவ் வீட்டிலிருந்து போய் ரயிலேறினேன். நாங்கள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்க, வகுப்பு இல்லை என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தும், ஆறேழு பிள்ளைகள் படியேறி வந்து வாங்குகளில் உட்கார்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை பிரசன்ட் பெர்ஃபெக்டில் சோதனையாம்.

ஒரு சிறுமி பலகையில், "ஐ ஹாவ் ஈட்டன் யெஸ்டர்டே" என்று எழுதி, "சரியோ அங்கிள்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

நிலானி எழும்பினாள். முதலில் பிரெஞ்சில்தான் விளக்கினாள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு அதே பிழையை மறுபடி எழுதினார்கள். நேற்றுச் சாப்பிட்டேன் என்பதற்கும் பிரெஞ்சில் ஹாவ் மாதிரி ஒரு சொல் வந்துவிடும் என்பீரே. அதற்காகத்தானே பிரெஞ்சை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வீர். அவள் பலகையைத் துடைத்தாள். பிறகு, மதி, தமிழில் பேசினாள்.

"நேற்று, போன கிழமை எண்டு நேரம் சொன்னா ஹாவ் வேண்டாம். ஐ ஏட் யெஸ்டர்டே, அவ்வளவுதான். எப்ப எண்டு சொல்லாமல், நடந்தது இப்பவும் எங்களைப் பாதிக்குது எண்டாத்தான் ஹாவ். ஹீ, ஷீக்கு ஹாஸ். அதுக்குப் பிறகு வேர்பின்ரை மூண்டாவது வடிவம்: ஈட், ஏட், ஈட்டன். ஐ ஹாவ் லாஸ்ட் மை பாஸ் எண்டா, ரயில் பாஸ் இன்னும் கிடைக்கேல்லை. டிக்கெட் பாக்கிற கொன்ட்ரோலர் வந்தா தண்டம்தான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். உம்முடைய பகிடியேதான். அவள் சிரிக்கவில்லை. குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. நான் கடைசி வாங்கில் உட்கார்ந்தபடி அழுதேன், வெட்கப்படவில்லை.

படியிறங்கும்போது, "அப்பா, அறையைக் குடுக்காதேங்கோ. அடுத்த சனி நான் வாறன்" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னோடு கதைத்தாள். மனம் நிறைந்தது. உடனே பயமும் வந்தது. பதினேழு வயதுப் பிள்ளை. பரீட்சை இருக்கிறது, சிநேகிதிகள் இருக்கிறார்கள். உம்முடைய இடத்தில் அவள் போய் நிற்க வேண்டுமா? இது அவள் மனம் தேறுவதா, இல்லை உம்மை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பதா? எனக்குப் பிடிபடவில்லை.

அறை இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். உமக்கும் ஒன்று சொல்கிறேன், கேளும். அவள் விரும்பும்வரை சனிக்கிழமைகளில் நான் கதவைத் திறப்பேன். "காணும் அப்பா, இனி வேண்டாம்" என்று அவள் சொல்லும் நாளில், ஏன் என்று கேட்காமல், உம்முடைய பெயரை இழுக்காமல், நானே பூட்டுவேன்.

உம்முடைய மனுசன்,
நிலானியின் அப்பா