ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட்

என் வீட்டு மகாராணிக்கு, பெயிண்டர் சக்கரவர்த்தியின் வணக்கம். முட்டிவலி தேவலையா?

யாரும் நம்ப மாட்டாத கதை ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன். நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த ஊரில் விற்பனைக்கு வந்த வீட்டின் சுவரில் வாத்து நீந்துமளவு ஈரம். அதைப் பெயிண்ட் அடித்து மறைத்தார்கள். வாங்கியவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இன்ஜினியரைக் கூட்டிவந்தார்.

"முன்னாடியே கூப்பிட்டிருந்தா பேரம் பேசியிருக்கலாம். இப்போ தண்ணி பிடிக்க வாளிதான் வாங்கணும் சார்" என்றாராம் இன்ஜினியர். வாங்கியவர் அழுத கண்ணீரில் தெருவே படகு விட்டது.

நாம் வாங்கப்போகும் வீடு என்று நீ அனுப்பிய படத்திலும் ஒரு சுவர் மட்டும் புதுசாக மின்னுகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. விலை பேசிவிட்டாய், சரி. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதற்குள் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டு. அந்தச் சுவரருகே நீயும் நின்று ஒரு படம் அனுப்பு. முகம் பார்த்து நாளாயிற்று.

வேலைக்குக் கூட்டிப்போக வேன் வந்துவிட்டது. கதையில் சின்ன உண்மை ஒன்று உண்டு: இங்கே அந்த ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தது நான்தான்.