இரண்டு முறை விழுந்த மஞ்சள்

என் செல்ல மூத்தவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இவ்வளவு தாமதமாகப் பதில் போடுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உன்னைப் போலவே நானும் காகிதத்தை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடி ஏறும்போது மட்டும் வீட்டுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார். உன் தங்கை கார் ஓட்டப் பழகுகிறாள், சொல்லிக்கொடுப்பவர் பாவம், இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். மருந்துக் கடைக்காரர் உன்னை என் தம்பி என்று நினைத்துக்கொண்டு, உங்க தம்பி இப்ப எங்கம்மா வேலை பாக்குறாரு என்று என்னைக் கேட்டார், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, உன் தங்கை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் உன் பயிற்சிக் காலம் முடிகிறது, வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேலதிகாரி சொல்லப்போகிறார், அதற்குள் நானே விலகிவிடலாமா என்று கேட்டிருந்தாய். பக்கத்து மேஜைப் பெண் போட்ட கட்டட வரைபடத்தில் மாடிப்படி ஏறுகிறவர் தலை உத்திரத்தில் இடிக்கும் என்று நீ கண்டுபிடித்தாய், கெட்டிக்காரன்தான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீயே திருத்தி, கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அனுப்பிவிட்டாய், அவள் பழைய படத்தோடு அங்கே போய் எல்லார் முன்னாலும் திருதிருவென்று முழித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, தப்பைத் திருத்தினேன் அதில் என்ன தப்பு என்றிருக்கிறாய். சேர்ந்து வேலை செய்யத் தெரியவில்லை என்று மேலதிகாரி சொன்னதை, எல்லார்கூடவும் உட்கார்ந்து டீ குடித்து அரட்டை அடிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர் டீயைப் பற்றிப் பேசவே இல்லையே கண்ணா.

உடனே பதில் எழுத உட்கார்ந்தவள்தான். ஆனால் அதே வாரம் எங்கள் பெயிண்ட் தொழிற்சாலையிலும் இதே கூத்து நடந்தது, அது எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். என் நிறக் கலவைப் பிரிவில் புதிதாக ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும் சேர்ந்திருக்கிறார்கள், இருவரும் நல்ல படிப்பு, இருவர் காதிலும் எந்நேரமும் ஹெட்போன். பள்ளிக்கூடச் சுவருக்கு வெளிர் சந்தன நிறம், ஒரு பெரிய தொட்டி. மாதிரி அட்டையோடு வைத்துப் பார்த்தால் மஞ்சள் கொஞ்சம் குறைவு. அந்தப் பெண் கணக்குப் போட்டுச் சரியான அளவு மஞ்சளை ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனாள். அது கலந்து நிறம் ஏற நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இவன் வந்து எட்டிப் பார்த்தான், மஞ்சள் குறைவு, இவனும் கணக்குப் போட்டுச் சரியான அளவு ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்க எலுமிச்சம்பழம். இயந்திரம் ஓட்டுகிறவரை ரேடியோ என்று கூப்பிடுவோம், வாய் ஓயாது, அவர் வந்து பார்த்துவிட்டு, என்னக்கா, பசங்க இந்தச் சுவத்துப் பக்கத்துல படிக்கிறதா, இல்ல பிழிஞ்சு ஜூஸ் குடிக்கிறதா என்கிறார். இரண்டு பேரும் என்னிடம் ஓடி வந்து, என் கணக்கு சரிதான் மேடம் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இரண்டு கணக்கும் சரிதான், தொட்டிதான் தப்பு.

வேலை தெரியாதவங்களைக்கூட வெச்சு ஓட்டிடலாம், பேசத் தெரியாதவங்களை என்ன பண்றது, ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க என்றார் எங்கள் மேலாளர். கணக்கு பக்காவா இருக்கு சார், வாயைத் திறக்க நான் பழக்கிக்கிறேன், கொஞ்சம் பொறுங்க என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். தொட்டியில் எதை ஊற்றினாலும் ஊற்றுவதற்கு முன்னால் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்டது என்று பதில் சொல்ல வேண்டும், அதுவரை கை அசையக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். முதல் நாள் அந்தப் பெண்ணுக்குக் குரலே வரவில்லை. யாருக்கும்மா ரகசியம் சொல்றே, தொட்டிக்கா என்று ரேடியோ வேறு கிண்டலடித்தார். இவன் உம் என்பதோடு சரி. பொறுப்பேற்றது தப்போ என்று எனக்கே தோன்றியது. ஆனால் போன வாரம் அவள், கறுப்பு ஊத்தப் போறேன் என்று சத்தமாகச் சொன்னதும் இவன் தன் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, ஐயோ நிறுத்து, அது பக்கத்துத் தொட்டிக்கு என்று அலறினான். அவள் குவளையைத் தூக்கிய கையோடு முறைத்தாள், எதுக்குக் கத்துறே, காது கேக்குது என்றாள், அப்புறம் இருவரும் சிரித்தார்கள். அனுப்பும் பேச்சை மேலாளர் இப்போது எடுப்பதே இல்லை. இன்னும் அவர்கள் தனித்தனி மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள், அதனால் தொட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை.

உன்னையும் நான் அரட்டைக்காரனாக மாறச் சொல்லவில்லை. உனக்குக் கூச்சம், திமிர் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் நீ வாய் திறக்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும். உன் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் போய், உங்ககிட்ட காட்டாம அனுப்பினது உங்களுக்குச் சங்கடமாயிடுச்சு, மன்னிச்சுடுங்க, இனிமே முதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன் என்று சொல். அந்த இடத்தில் மாடிப்படியைப் பற்றி மறுபடி விளக்க ஆரம்பித்துவிடாதே, தலை இடிக்கும் என்று அவளுக்கும் இப்போது தெரியும். அவர்களாக அனுப்பினால் வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். நீயாக ஓடிவராதே. உன்னால் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ நல்ல பெயரோடு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசி, தங்கையின் கிண்டல், இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன். ராத்திரி தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு படுக்காதே. இன்னொன்று, இதைப் படித்து முடித்ததும் முதலில் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு மனசு அடித்துக்கொண்டுதான் இருக்கும், இருக்கட்டும். நீ எழுந்து அவள் மேஜைக்குப் போ.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா