நிலைப்படிக்கு அந்தப் பக்கம்

இன்று காலை கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற, வழக்கம்போல இடையில் பலகையைப் போட்டு அதன்மேல் பவுடர் தூவினேன். நான் வாங்கும் பவுடர் கடையில் இல்லை என்று ரோஜா மணக்கும் மலிவான டப்பா ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நீங்கள் வாங்குவது அதைத்தான். "வழுக்கோணும், மணக்கோணும். பவுடருக்கு வேறென்னங்க வேணும்?" என்பீர்கள். பலகையில் பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கல்லூரிக்குத் தாமதமாகிவிட்டது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சிறுநீரகத்தில் தொற்று என்று இல்லத்திலிருந்து போனில் சொன்னார்கள். போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவிநாசி சாலை விபத்துக்குப் பிறகு, மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றதும், மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த அந்த மறுவாழ்வு இல்லத்தில் என்னைச் சேர்த்தார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் சில மாதங்கள் தங்கி, உட்காரவும் குளிக்கவும் உடை மாற்றவும் மறுபடி கற்றுக்கொள்ளும் இடம். பொருளாதாரம் கற்பிக்கிற எனக்கு 'இல்லம்' என்ற சொல்லின் மேலேயே சந்தேகம். கூட்டுப் பிரார்த்தனை, பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து படம் எடுத்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்கள், சுவரில் தன்னம்பிக்கை வாசகம், இவற்றை எதிர்பார்த்துத்தான் வந்தேன். வாசகம் இருந்தது. அதற்குக் கீழே, உங்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு நீங்கள் இருந்தீர்கள்.

சோமனூரில் தறி ஓட்டிய பெண்மணி. முருங்கைக்காய் பறிக்க ஓட்டின்மேல் ஏறி விழுந்தவர். "மூணு காய்க்கு ரெண்டு காலுங்க டீச்சர். ஏமாந்த யாவாரம்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டீர்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. சிகிச்சைக்கு வந்து, புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தர அங்கேயே தங்கிவிட்டவர் என்பதும், என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கடைசிவரை நாம் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் அழைத்தோம்.

நான் நடப்பேனா என்று கேட்டபோதெல்லாம் மருத்துவர்கள் "பார்க்கலாம்" என்றார்கள். நான்காம் நாள் உங்களிடம் கேட்டேன்.

"நடக்க மாட்டீங்க டீச்சர்" என்றீர்கள். "ஆனா தனியா இருக்கலாமுங்க. சமைச்சு, குளிச்சு, வேலைக்குப் போயி. அது நடக்கறதை விடச் சிரமம்."

விபத்துக்குப் பிறகு என்னிடம் பேசப்பட்ட முதல் உண்மை அது. அதற்கு முன்பும் நான் தனியாகத்தான் வாழ்ந்தேன். என் கதவு, என் அடுப்பு, என் நேரம். அது திரும்பக் கிடைக்குமா என்பது மட்டுமே எனக்கிருந்த கேள்வி.

மாலை ஐந்தரைக்கு இல்லத்தில் கண்ணாடி நேரம். உணர்ச்சியற்ற உடம்பில் அடிபட்டால் தெரியாது. தோல் சிவந்திருந்தால் அன்றே கவனிக்க வேண்டும், விட்டால் ஆழமான புண்ணாகிவிடும். அதனால் நீண்ட பிடி வைத்த கண்ணாடியில் தொடையையும் பின்புறத்தையும் தினமும் பார்க்கச் சொன்னீர்கள். நான் கூசியபோது, "மூஞ்சியப் பாக்காட்டிப் போகுதுங்க, பின்னால பாருங்க" என்றீர்கள். அப்போது சிரித்துவிட்டேன்.

இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு திரும்புவதற்கு முன் இரண்டு நாள் வீட்டில் ஒத்திகை. துணைக்கு இல்லத்திலிருந்து ஒருவர் வருவார். நாம் கூப்பிடாமல் அவர் கை கொடுக்கக் கூடாது. என் அண்ணன் வீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். அண்ணன் எனக்காக அறைகளின் வாசலையெல்லாம் அகலப்படுத்தியிருந்தார். புது நிலைகள், தேக்கு. ஆனால் சமையலறை உட்பட எல்லா நிலைக்கும் கீழே நாலு விரல் உயரத்துக்குப் படி. படியில்லாத நிலை வீட்டுக்கு ஆகாது என்று ஆசாரி சொன்னாராம். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லாப் படிகளிலும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

ஒவ்வொரு படியிலும் அண்ணனும் டிரைவரும் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்: "ஏனுங்கண்ணா, டீச்சருக்குத் தண்ணி குடிக்கோணுமின்னா எத்தனை பேரு வரோணுமுங்க?"

"அவ எதுக்குங்க சமையக்கட்டுக்குப் போகோணும்? கூப்பிட்டாக் கொண்டாந்து குடுத்துப்போடறோம்" என்றார் அண்ணி. அவர் அன்பில் பொய் இல்லை.

மறுநாள் காலை நீங்கள் சமையலறை வாசலில் நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினீர்கள். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி, படியைத் தாண்டி, காலை இழுத்துப்போட்டு உள்ளே போனீர்கள். "வாங்க டீச்சர்" என்றீர்கள். அண்ணியின் முன்னால் தரையில் நகர்வதா என்று கூனிக்குறுகினேன். நீங்கள் திரும்பி வந்து மறுபடி தாண்டிக் காட்டினீர்கள். மூன்றாவது முறை நானும் இறங்கினேன். தாண்டி முடித்தபோது நைட்டியெல்லாம் மஞ்சள்.

அண்ணி காபியைக் கொண்டுவந்து, எங்களோடு தரையில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற அண்ணனிடம், "அண்ணா, நான் தனியா இருந்துக்கறேன்" என்றேன்.

"ஊரு என்னைத்தானே பேசும்" என்றார்.

"பேசட்டுமுங்க" என்றது அண்ணி. நீங்கள் காபியை ஊதிக் குடித்தீர்கள்.

ஒரு வாரம் கழித்து இல்லத்துச் செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படியின் விளிம்பு உங்கள் தொடையைக் கிழித்திருந்தது. இரண்டு நாளும் எங்கள் வீட்டில் நீங்கள் கண்ணாடியை எடுக்கவே இல்லை.

"உங்க அண்ணி அத்தனை மரியாதையா வெச்சிருந்தாங்க. அங்க போயிக் கதவைச் சாத்தித் துணிய அவுக்கோணுமுன்னு சொல்லக் கூச்சமாப் போச்சுங்க" என்றீர்கள்.

"ஊருக்கெல்லாம் சொல்லித்தர்ற நீங்களா?" என்று கத்தினேன்.

"ஊருக்குத்தானுங்களே சொன்னேன்."

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இரண்டு மாதமும் நீங்கள் குப்புறப் படுத்துக் கிடந்தீர்கள். அதே இரண்டு மாதத்தில் நான் கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு பிடித்து, படிகளை அறுத்தெடுத்து, தாழ்வாக ஒரு மேடையில் அடுப்பு வைத்து, முதல் சோற்றைக் குழைய விட்டேன். வாரம் ஒருமுறை உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் திட்டினேன். நன்றி சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் அந்தப் புண்ணுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும் என்று பயந்தேன். இப்போதும் அதற்கு நியாயம் இருப்பதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் படியை நீங்கள் மூன்று முறை தாண்டாமல் இருந்திருந்தால், நான் இன்றைக்கும் அந்த அறையிலிருந்து தண்ணீருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது ஒத்திகைகளுக்குத் துணையாக நானும் போகிறேன். போன வாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு வியாபாரி வீடு. அவர் மருமகளுக்கு என்னைப் போலவே அடி. போனதும் மாமியார் காபியோடு வந்தார்.

"காபி இருக்கட்டுங்கம்மா. எனக்குக் கால் மணி நேரம் ஒரு ரூம் வேணுமுங்க. தாழ்ப்பாள் போடோணும்" என்றேன்.

"எதுக்குங்க அம்மணி?"

"பின்னால புண்ணு வந்திருக்கான்னு கண்ணாடியில பாக்கோணுமுங்க. தினமும் பாக்கறதுதான்."

அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தார். "உனக்கும் பாக்கோணுமா கண்ணு?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே ஆட்டினாள்.

அவளுக்காக ஒதுக்கியிருந்த அறையைப் பார்த்தோம். யார் வேண்டுமானாலும் உடனே உதவிக்கு ஓடிவர வசதியாக, கதவையே கழற்றிவிட்டு அழகான திரை போட்டிருந்தார்கள்.

மாமியார் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கணவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்தக் கதவை எங்க வெச்சீங்க?"