விளக்கம் சொல்லாத திருநீறு

14.9 ஞாயிறு
காலையிலிருந்து புழுக்கம். ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் பகுத்தறிவு மன்றக் கூட்டம். வெறுங்கையில் திருநீறு வரவழைப்பது என் வேலை. சாம்பலைக் கஞ்சித்தண்ணியில் பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்ததை விரலிடுக்கில் மறைத்துக் கசக்கினேன். கொட்டியது. முன்வரிசைப் பெண்கள் கையேந்தி வாங்கிக்கொண்டார்கள். எப்போதும்போல் வித்தை முதலில், விளக்கம் பிறகு. விளக்கத்துக்கு மைக்கைப் பிடித்தால் மழை. ஆளுக்கொரு பக்கம் ஓட்டம்.

தலைவர் செல்வம் சார்: "அடுத்த தபா சொல்லிக்கலாம் டீச்சர், வாங்க."

திண்டிவனம் வரை ஈரப் புடவை. தும்மல்.

16.9 செவ்வாய்
ஏழாம் வகுப்பு டெஸ்ட் பேப்பர் பாக்கி. கேஸ் புக் பண்ணணும். மன்றச் செய்திமடலுக்கு:
ஒலக்கூர் கூட்டம், சிறப்பாக நடந்தது.
28 ஞாயிறு, திருவெண்ணெய்நல்லூர், திருநீறு செயல்விளக்கம் (நான்).
அக்., விழுப்புரம், ஆண்டுக் கூட்டம்.
மழையைப் பற்றி எழுதவில்லை. பெருமைக்குத்தான், வேறென்ன.

18.9 வியாழன்
பள்ளி வாசலில் ஒரு பெண். பெயர் அஞ்சலை, களையெடுக்கப் போகிறவள். கூட்டத்தில் திருநீறு வாங்கினாளாம். ஒன்பது வயது மகளுக்குத் திங்கள்கிழமையிலிருந்து காய்ச்சல்.

"நீங்க குடுத்த துன்னூறத்தான் பூசிக்கினு இருக்கேன் டீச்சர். தீந்துபோச்சி. இன்னும் கொஞ்சம் குடுங்க."

ஆஸ்பத்திரி?

"அதான் உங்க கை இருக்குதே."

கஞ்சித்தண்ணி, உருண்டை, விரலிடுக்கு, எல்லாம் சொன்னேன். செய்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "சக்தி இருக்கறவங்க இப்பிடித்தான் மறைப்பாங்க."

செல்வம் சாருக்கு போன். "குடுக்கவே கூடாது டீச்சர். ஒரு தபா குடுத்தா மன்றத்தையே மூடிட்டுப் போகவேண்டியதுதான்." நியாயம். ஆனால் குழந்தை?

19.9 வெள்ளி
அரை நாள் லீவு. பஸ் பிடித்து அவர்கள் ஊர். குழந்தை பாயில் சுருண்டு, ஈறில் ரத்தக்கசிவு. கெஞ்சினேன், திட்டினேன். அஞ்சலை அசையவில்லை. "துன்னூறு வைங்க, கெளம்பறேன்."

அடுப்புச் சாம்பலை எடுத்துக் குழந்தை நெற்றியில் வைத்தேன். "பெரியாஸ்பத்திரிக்குப் போனாத்தான் இது பலிக்கும்" என்றும் சொன்னேன். பதினோரு வருஷமாக மேடையில் பேசிய அதே வாய். அடுத்த நிமிஷம் ஆட்டோ. விழுப்புரம் வரை குழந்தை என் மடியில்.

20.9 சனி
டெங்கு. தூக்கமில்லை. செல்வம் சார் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் விளக்கத்தை முதலில் வைத்தால் என்ன? அப்புறம் யார் நின்று பார்ப்பார்கள்?

21.9 ஞாயிறு
வெயில். ஆப்பிள், பிஸ்கட் வாங்கிக்கொண்டு வார்டுக்கு. டாக்டர்: "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்மா. இனிமே பயமில்ல." அங்கேயே அழுதுவிட்டேன். குழந்தை ஆப்பிளை வாங்கிக்கொண்டது.

அஞ்சலை பக்கத்துக் கட்டில்காரியிடம், "தோ, இவங்கதான். இவங்க கைதான்."

அந்த அம்மா தன் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணின் கையில் பிளாஸ்திரி தொங்கியது.

"ட்ரிப்ஸக் கழட்டச் சொல்லிட்டேன் டீச்சர். நீங்க துன்னூறு வச்சி விடுங்க."