குசினித் தரைக்குக் கீழே

ஜூன் 14, சனி.

இந்த நாட்டு ஜூன் குளிரில், சமைக்க நிற்கிற குசினித் தரை ஐஸாய்க் கிடக்கிறது என்று நச்சரித்தவள் என் மனைவிதான். இந்தப் பழைய வீட்டின் பலகைத் தரைக்குக் கீழே தவழ்ந்து, அறை அறையாகக் குளிர்காப்புப் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தேன். கடைசியாகக் குசினிக்குக் கீழே வந்தபோது, மேலே அவளும் மகளும் கதைப்பது தெளிவாகக் கேட்டது.

"அப்பாட்டை இப்ப சொல்லாதை. தரை வேலையை முடிக்கட்டும், வீடு நல்ல விலைக்குப் போகும்."

"ஓகே அம்மா. ஏஜென்டைப் புதன்கிழமை வரச் சொல்லுறன்."

சாகும்வரை இருக்கப்போகிற வீடு என்றல்லவா மண்ணைத் தின்றுகொண்டு கிடந்தேன்!

வெளியே வந்ததும் மனைவி தேத்தண்ணி நீட்டினாள். "இஞ்சேருங்கோ, முடிஞ்சுதோ?"

"ஓம்" என்றேன்.

குசினிக்குக் கீழே அடைக்கவில்லை. அடைக்கவும் மாட்டேன். பஞ்சில்லாத அந்தப் பலகைக்குக் கீழே கிடந்தால்தான் இந்த வீட்டில் நடப்பது எனக்குத் தெரியவருகிறது.