துளசிங்கத்தின் நாற்பது நாள்

பழவேற்காட்டுக் கோட்டை
பராபவ வருஷம், ஆடி 8

அன்புள்ள குணசுந்தரிக்கு,

உலகநாதன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். மேல்காற்று விடாமல் அடிப்பதால் சோற்றில் பாதி மணல், அவ்வளவுதான் குறை. ஆற்றில் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாயா என்று எழுது. உன் நைனா போன பிறகு அந்தக் கழனியைத் தனியாகக் கட்டிக்கொண்டு நீ படும் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை.

உன் தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். துளசிங்கத்துக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான். இந்த உலாந்தா வெள்ளைக்காரர் கோட்டையில் என் கீழே இருக்கும் இருபத்திரண்டு சேவகரில் ஈட்டி பிடிக்க அவனைப்போல் ஒருவன் இல்லை. நீ கேட்டுக்கொண்டதால்தான் சேர்த்தேன். ஆனால் அவன் கைக்காகவே சேர்த்திருக்கலாம்.

கை சரி, வாய்தான் சரியில்லை. காலையில் பறை அடித்ததும் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். இவன் கடைசியில் வருவான். கேட்டால், "இன்னா மாமா, சூரியன் எங்க ஓடிப் போவுது?" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். முந்தாநாள் தருமலிங்கம் என்கிற வயதான சேவகர் பின்கட்டுக் காவலுக்குப் போகச் சொன்னபோது, "நீ போ, நான் எங்க மாமா கிட்ட பேசிக்கறேன்" என்றிருக்கிறான். பாவம், அவரே போய் நின்றார்.

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தலையாட்டினான். நீயும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு
உலகநாதன்

*

பொன்னேரி
ஆடி 15

என் வீட்டுக்காரருக்குக் குணசுந்தரி வணங்கி எழுதுவது.

கருவாடு விற்கவரும் செல்வம்மாள் கையில் உங்கள் ஓலை வந்தது. இதையும் அவளிடமே கொடுக்கிறேன். தண்ணீர் வந்துவிட்டது. நாற்று விட்டாயிற்று. உழவுக்குத் தேசப்பன் இருக்கிறான், கவலை வேண்டாம். மழைக்கு முன் ஒருமுறை வந்துபோவதாகச் சொன்னீர்கள். சொன்னதோடு சரி.

துளசிங்கத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. என் இடுப்பிலேயே வளர்ந்தவன். நைனா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோதுகூட மடியில் உட்கார்ந்து எழுத்தாணியைப் பிடுங்குவான். யாரும் அவனை அதட்டியதில்லை. அது என் தப்பு, அவன் தப்பு இல்லை. நாலு பேர் முன்னால் மட்டும் அவனைச் சிறுமைப்படுத்தாதீர்கள். தனியாகச் சொன்னால் கேட்பான்.

அவனுக்கு மாமா, அப்பன் எல்லாம் நீங்கள்தான்.

உங்கள்
குணசுந்தரி

*

பழவேற்காட்டுக் கோட்டை
ஆவணி 3

குணா,

இதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முந்தாநாள் துளசிங்கத்துக்கு வெடிமருந்து அறையில் காவல். உள்ளே நாற்பது பீப்பாய் வெடிமருந்து. அந்த வாசலிலிருந்து முப்பது முழத்துக்குள் நெருப்பு கூடாது. கோட்டையில் பால் குடிக்கும் குழந்தைக்கும் இது தெரியும். நான் எட்டுச் சேவகரோடு அந்தப் பக்கம் போனபோது அவன் வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அணைடா" என்றேன்.

எழுந்திருக்கவில்லை. இன்னொரு இழுப்பு இழுத்துப் புகையை விட்டான். "மாமா, வீட்டுக்கு வந்து சொல்லுங்க, கேக்கறேன். இங்க ஏன் சத்தம்?" என்றான்.

எட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சுருட்டைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அவன் ஈட்டியையும் கத்தியையும் வாங்கித் தருமலிங்கத்திடம் கொடுத்தேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அது எனக்கும் அவனுக்கும் நடந்த சண்டையாகப் போயிருக்கும்.

விஷயம் கோட்டைக்குப் பெரியவரான வெள்ளைக்காரக் கப்பித்தான் காதுக்குப் போய்விட்டது. கோட்டை வாசலில் கட்டி முப்பது பிரம்படி என்றார். முப்பது என்றால் முதுகில் தோல் இருக்காது. பாஷை மாற்றிச் சொல்லத் துபாஷி சுப்பராயலுவை வைத்துக்கொண்டு பேசினேன். "அடி வாங்கினவன் அடியைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பான், செஞ்ச தப்பை நினைக்க மாட்டான். என் ஆளை என் வழியில திருத்த விடுங்க" என்றேன். நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் சம்மதித்தார். எப்படிச் சம்மதித்தார் என்பது உனக்கு வேண்டாம்.

நான் கொடுத்த தண்டனை இதுதான். முகத்துவாரத்து மணல்திட்டில் நம் காவல்சாவடி இருக்கிறது. அங்கே நாற்பது நாள், கையில் ஆயுதம் இல்லாமல் இருக்க வேண்டும். மீனவர் குப்பத்து ஊற்றிலிருந்து, சாவடியில் காவலிருக்கும் ஆறு சேவகருக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். நாற்பது நாளும் தவறாமல் முடித்தால் கத்தியை நானே திருப்பிக் கொடுப்பேன்.

நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அவன் தப்பு செய்தது எட்டுப் பேர் முன்னால்.

உலகநாதன்

*

பொன்னேரி
ஆவணி 19

என் வீட்டுக்காரருக்கு,

துளசிங்கம் இங்கே இருக்கிறான். நேற்று மாலை வந்தான். கால் முழுக்கச் சிப்பி கிழித்த காயம். தோள் இரண்டும் காவடித்தண்டு அழுந்திப் புண்ணாகியிருக்கிறது. இரண்டு வட்டில் சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

காலையில்தான் வாய் திறந்தான். குப்பத்துப் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிப்பார்களாமே. இவன் குடத்தோடு போகும்போதெல்லாம் அவர்கள் கயிற்றை விட்டுவிட்டு, "சிப்பாயி, எங்க வூட்டுக்கும் ஒரு குடம் ஊத்து" என்பார்களாம். பதினைந்து நாள் பொறுத்தானாம். பதினாறாம் நாள் குடத்தைப் போட்டுவிட்டு ஒரு மீன்படகில் ஏறி வந்துவிட்டான்.

அவனை நான் திருப்பி அனுப்பப் போவதில்லை. சேவகம் வேண்டாம், இங்கே ஏர் பிடிக்கட்டும். சேவகர் கணக்கிலிருந்து அவன் பேரை அடித்துவிடுங்கள். வெடிமருந்து அறை வாசலில் அவன் செய்தது பெரிய தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அங்கே இருபத்திரண்டு பேருக்குத் தலைவர் என்றால், இங்கே இந்த ஒரு வீட்டுக்கும் தலைவர் இல்லையா? அது உங்களுக்கு எப்போது ஞாபகம் வரும்?

குணசுந்தரி

*

பழவேற்காட்டுக் கோட்டை
ஆவணி 21

குணா,

அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததே போதும். இரண்டு நாள் ஏரியெங்கும் படகில் தேடினோம். தருமலிங்கம் முகத்துவாரத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்தார்.

உன் வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டேன். அவனைக் கட்டி இழுத்து வந்தால் நான் எதற்காக இத்தனையும் செய்தேன்? வருகிற புதன்கிழமை உச்சிப்பொழுதுவரை கப்பித்தானிடம் தவணை வாங்கியிருக்கிறேன். தானாக வந்தால் அவன் நிற்க இங்கே இடம் இருக்கிறது. வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அதோடு அவனுக்கும் கோட்டைக்கும் ஒன்றுமில்லை. நீ கேட்டபடியே ஏர் பிடிக்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் அவன் வரிசைக்குப் பிந்தி வந்து சூரியனைப் பற்றிப் பேசினானே, அன்றைக்கு மற்றவர்களோடு நானும் சிரித்தேன். உனக்கு எழுதியபோது அதை விட்டுவிட்டேன். உன் தம்பி, நன்றாகப் பேசுகிறான் என்று ஒரு பெருமை. அன்றைக்கே கண்டித்திருந்தால் ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும். அவன் தப்பில் என் பங்கு அது.

இந்த வாரம் என்ன காதில் விழுந்தாலும் நீ கோட்டைப் பக்கம் வராதே.

உலகநாதன்

*

பொன்னேரி
ஆவணி 24, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு,

இந்த ஓலையை உங்களிடம் கொடுப்பவன் துளசிங்கம்.

இன்று காலை செல்வம்மாள் வந்தாள். கூடையை இறக்கினதும் இறக்காததுமாக, "உன் வூட்டுக்காரரு முதுகுக்கு எண்ணெய் காய்ச்சி வெச்சியா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சொன்னாள். நாற்பது நாளில் அவன் ஒருமுறை தவறினாலும் அந்த முப்பது அடியை என் முதுகில் கொடுங்கள் என்று கப்பித்தானிடம் நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களாம். பழவேற்காடு கடைத்தெரு முழுக்கத் தெரியுமாம். எனக்குத்தான் தெரியாது.

அவன் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதினொரு வருஷம் உங்களோடு வாழ்ந்திருக்கிறேன். உங்கள் எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

துளசிங்கம் தொழுவத்தில் இருந்தான். நான் அவனைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. செல்வம்மாளை அவனிடம் அனுப்பி, "எனக்குச் சொன்னதை அப்படியே இவனுக்கும் சொல்லு" என்றேன். கேட்டுவிட்டு வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். மாடு தின்பதை நிறுத்திவிட்டது, இவன் நிறுத்தவில்லை. பிறகு வந்து, "அக்கா, எனக்குத் தெரியாது. சத்தியமா அவரு எங்கிட்ட சொல்லல" என்றான். "தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஆற்றுத்துறைவரை நானும் போகிறேன். அங்கே சின்னப்பன் படகு இருக்கும். நாளை உச்சிக்குள் வந்துவிடுவான். அவனை அடிக்காதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களை அடிக்க வேண்டாம் என்று யாரிடம் எழுதிக் கேட்பது?

குணசுந்தரி

*

பழவேற்காட்டுக் கோட்டை
ஆவணி 27

குணா,

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

ஏரியில் தண்ணீர் குறைவு. சின்னப்பன் படகு சேற்றில் தட்டிவிட்டது. துளசிங்கம் இறங்கி, இடுப்பளவுச் சேற்றில் நடந்தே வந்தான். கோட்டை வாசலில் எல்லாரையும் நிறுத்தியிருந்தார்கள். நான் மேல்துணியை எடுத்துவிட்டுக் கம்பத்தருகே நின்றிருந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் வந்து சேர்ந்தான். இடுப்புவரை சேறு, முட்டிவரை ரத்தம்.

கப்பித்தான் அவன் வந்துவிட்டதைப் பார்த்தார். ஆனால் அவனைத் தேடப் போனதில் ஐந்து காவலுக்கு ஆள் இல்லாமல் போயிற்று, கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது என்றார். அது நியாயம்தான். நான் கம்பத்தைப் பிடித்தேன். துளசிங்கம் என்னைப் பார்க்காமல் துபாஷியிடம் போய், "ஓடிப்போனது நான். அடி எனக்கு. அவரைத் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றான்.

சுப்பராயலு அதை உலாந்தா பாஷையில் சொல்லி முடித்ததும் கப்பித்தான் என்னிடம், "யார் முதுகு?" என்று கேட்டார்.

குணா, நான் என் முதுகு என்று சொல்லியிருக்கலாம். முப்பது அடி எனக்குப் பெரிதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் உன் முகத்தைப் பார்ப்பதும் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் தன் காரியத்துக்குத் தானே முன்னால் வந்து நிற்கிறான். அதை நான் தட்டிப் பறித்தால் பிறகு அவனுக்கு என்ன மிச்சம்? "அவன் சொல்றது சரி" என்றேன். தானாகத் திரும்பி வந்ததற்குப் பாதியைக் குறைக்கச் சொன்னேன். பதினைந்து என்று ஆயிற்று.

அடியை எண்ணுவது சேவகர் தலைவன் வேலை. நான்தான் எண்ணினேன். குரல் நடுங்காமல் எண்ணினேன். நடுங்கியிருந்தால் அவனுக்குத்தான் அவமானம். ஒன்பதாவது அடியில் ஒருமுறை "அக்கா" என்றான்.

தருமலிங்கம் மருந்து போட்டார். மறுநாளே எழுந்து, மீதி இருபத்தைந்து நாளையும் முடிக்க வேண்டும் என்று மணல்திட்டுக்குப் போய்விட்டான். முதுகு ஆறும்வரை தண்ணீர் சுமக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்ப நடந்தாலும் இதையே செய்வேன். நீ என்ன எழுதினாலும் படித்துக்கொள்கிறேன்.

உலகநாதன்

*

பழவேற்காட்டுக் கோட்டை
புரட்டாசி 28

குணா,

அவன் அடிபட்ட பிறகு நான் எழுதும் நான்காவது ஓலை இது. எதற்கும் பதில் இல்லை. செல்வம்மாளைக் கேட்டால், "வாங்கிக்கறா, உள்ள போயிடறா" என்கிறாள்.

முதுகு ஆறக் காத்திருந்த எட்டு நாளைக் கணக்கில் சேர்க்காமல், துளசிங்கம் நேற்றோடு நாற்பது நாளை முடித்தான். எல்லாரும் வரிசையில் நிற்க, கத்தியைக் கையில் கொடுத்தேன். முதல் காவலாக வெடிமருந்து அறையைக் கேட்டான். கொடுத்திருக்கிறேன். இந்த வாரக் கடைசியில் உன்னைப் பார்க்க அனுப்புகிறேன்.

மழை தொடங்கிவிட்டது. குளிர் காற்றில் வெளியே நிற்காதே.

உலகநாதன்

*

பொன்னேரி
ஐப்பசி 9

என் வீட்டுக்காரருக்கு,

துளசிங்கம் வந்தான். மூன்று நாள் இருந்தான். முதுகைக் காட்ட மாட்டேன் என்றான். கிணற்றடியில் குளிக்கும்போது பார்த்துவிட்டேன். விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுவரைதான் தெரிகிறது, மீதி ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

அப்போது உங்களை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். எழுதும்படியான வார்த்தை இல்லை. அவன் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அவரைச் சொல்லாதே. அன்னைக்கு அவரு எனக்குப் பதிலா அடி வாங்கியிருந்தா நான் இங்கயும் வந்திருக்க மாட்டேன், அங்கயும் இருந்திருக்க மாட்டேன்" என்றான். அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்புறம் தானே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

நீங்கள் செய்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒன்பது என்று சொன்ன வாய் அவன் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டுப் பத்து என்று எப்படிச் சொல்லிற்று என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

ஆனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் வாக்குக் கொடுத்ததைக் கருவாட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டேன். என் தம்பி அடிபட்டதை ஓலையில் படித்துத் தெரிந்துகொண்டேன். என் வீட்டு மனிதர்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையை நான் மூன்று நாள் பிந்தித் தெரிந்துகொள்வது இனி முடியாது. விளைச்சலில் பங்கு பேசிக் கழனியைத் தேசப்பனிடம் வாரத்துக்கு விட்டுவிட்டேன். அறுவடைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். சேவகர் வரிசையில் உங்கள் குடிசை ஒழுகும் என்று துளசிங்கம் சொன்னான். கூரையை மாற்றச் சொல்லுங்கள்.

நான் கேட்க வேண்டியதை உங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டியதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்போது என்ன ஆகிறதோ ஆகட்டும்.

ஆற்றில் நிறையத் தண்ணீர் போகிறது. வெள்ளிக்கிழமை துறையில் நிற்பேன். பதில் எழுத வேண்டாம். படகை அனுப்புங்கள்.

குணசுந்தரி